யார் கூற்று? - அநீதியைப் பேசும் விவரணப் படங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் பெரும்பாலும் நூல்களைப் பற்றியே பேசுவது வழக்கம். இன்று சற்று விலகித் திரைப்படத்தைப் பற்றிப் பேசலாம் என எண்ணுகிறேன். அதுவும் கதைப் படங்களைப் பற்றியல்ல. விவரணப் படங்கள் என்று நாம் சொல்கிறோமே, தமிழ்நாட்டில் ஆவணப் படங்கள் என்கிறார்களே, அவற்றைப் பற்றி.

விவரணப் படம் என்றதும் நம்மில் பலருக்குக் கொட்டாவி வருவதுண்டு. ஒரு காலத்தில் படமாளிகைகளில் பிரதான படம் தொடங்குமுன் செய்திச் சுருள் காட்டுவார்கள். அமைச்சர் அடிக்கல் நாட்டுவார், அணைக்கட்டு திறக்கப்படும், கனத்த குரலொன்று எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகும். பார்வையாளர் பலருக்கு அது வெளியே போய்க் கடலை வாங்கி வருவதற்கான நேரம். அந்தக் கனத்த குரலில் இருந்தே இன்றைய பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். திரையில் தெரிபவர்கள் வாய் திறப்பதில்லை. திரையில் தெரியாத ஒருவர் அவர்களைப் பற்றிப் பேசுகிறார். இது ஏன்?

சங்க அகப் பாடல்களைப் படித்தவர்களுக்குக் 'கூற்று' என்ற சொல் நன்கு தெரியும். தலைவி கூற்று, தலைவன் கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பாடல்களுக்குக் குறிப்பு இருக்கும். கபிலரோ பரணரோ தமது சொந்தக் குரலில் வந்து, 'இந்தப் பெண் வருந்துகிறாள், பாருங்கள்' என்று நமக்குச் சொல்வதில்லை. வருந்துகிறவளே பேசுகிறாள். அல்லது அவளை அருகிருந்து அறிந்த ஒருத்தி பேசுகிறாள். புலவர் பின்னால் மறைந்து நிற்கிறார். ஆகவே ஒரு பாடலை விளங்கிக்கொள்ள நாம் முதலில் கேட்கும் கேள்வி, 'இது யார் கூற்று?' என்பது. சமூக அநீதியைப் பற்றிய விவரணப் படங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் நல்ல பலன் கிடைக்கும் என்பது எனது எண்ணம்.

நமது நாட்டோடு தொடர்புடைய ஒரு படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 'சோங் ஒவ் சிலோன்' என்ற படம் 1934இல் வெளிவந்தது. நெறியாள்கை பசில் றைட். தயாரிப்பு, விவரணப் பட இயக்கத்தின் தந்தை எனப்படும் ஜோன் கிரியர்சன். உலகின் தலைசிறந்த விவரணப் படங்களைப் பட்டியலிடுவோர் இதைச் சேர்க்கத் தவறுவதில்லை. றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் வாசகங்களை நமது லயனல் வென்ட் வாசிக்கிறார். படத்தின் அழகு இன்றும் குறையவில்லை. ஆனால் இதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. படத்தின் மூன்றாவது பகுதிக்கு 'வணிகத்தின் குரல்கள்' என்று பெயர். அந்தப் பகுதியில் சந்தை நிலவரம் பேசுகிறது. வியாபாரக் கடிதங்களின் வாசகம் பேசுகிறது. கப்பலும் தந்தியும் ஒலிக்கின்றன. கொழுந்து பறிக்கும் தொழிலாளி எவரும் தமது வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர்களது நாட்சம்பளம் எவ்வளவு, ஒரு லயன் அறையில் எத்தனை பேர் படுத்துறங்கினார்கள் என்பதெல்லாம் அந்தப் படத்தில் நமக்குக் கிடைப்பதில்லை. தேயிலையின் விலைக்குக் குரல் இருந்தது. பறித்த கைக்குக் குரல் இருக்கவில்லை. பசில் றைட்டைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வருகிறதோ, கூற்றும் பெரும்பாலும் அங்கிருந்தே வரும் என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறேன்.

ஆனால் மறு ஆண்டே, 1935இல், அதே இயக்கத்தைச் சேர்ந்த ஆதர் எல்டனும் எட்கார் அன்ஸ்ரியும் 'ஹவுசிங் புரொப்ளம்ஸ்' என்ற குறும்படத்தை எடுத்தார்கள். லண்டனின் கிழக்கே ஸ்ரெப்னி என்ற பகுதியில் இடிந்து விழும் நிலையிலிருந்த சேரி வீடுகளைப் பற்றிய படம். கமராவையும் ஒலிப்பதிவுக் கருவியையும் அந்த வீடுகளுக்குள்ளேயே கொண்டு போனார்கள். வீட்டுக்காரப் பெண்கள் கமராவை நேரே பார்த்து, எலித் தொல்லையையும் மூட்டைப் பூச்சியையும் ஒழுகும் கூரையையும் பற்றித் தமது கொச்சை மொழியிலேயே பேசினார்கள். இதற்குப் பணம் கொடுத்தது எரிவாயுத் தொழில்துறை. புதுவீடு கட்டினால் எரிவாயு அடுப்பு விற்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆயினும் ஏழை மக்கள் தமது குறையைத் தாமே சொல்லும் வழி திரையில் திறந்துவிட்டது. அது சிறிய காரியமல்ல.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கு செல்வதற்குக் காரணம் உண்டு. நிறத்தால் வரும் ஏற்றத்தாழ்வும் பணத்தால் வரும் ஏற்றத்தாழ்வும் ஒரே முடிச்சாக இறுகிக் கிடக்கும் நாடு அது. அந்த முடிச்சை அவிழ்த்துப் பார்க்க முயன்ற விவரணப் படங்களும் அங்கே நிறைய வந்திருக்கின்றன. சிலவற்றை மட்டும் கால வரிசையில் பார்ப்போம்.

1960ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி சீ.பீ.எஸ். தொலைக்காட்சி 'ஹாவெஸ்ட் ஒவ் ஷேம்' என்ற படத்தை ஒளிபரப்பியது. 'வெட்கக்கேட்டின் அறுவடை' என்று தமிழில் சொல்லலாம். தொகுத்து வழங்கியவர் எட்வேர்ட் ஆர். மரோ. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுகள் விழும் லண்டனிலிருந்து வானொலியில் பேசிப் புகழ்பெற்றவர் அவர். ஒளிபரப்பான நாளையும் கவனிக்க வேண்டும். நன்றி நவிலும் பெருநாளின் மறுநாள் அது. நமது பொங்கலைப் போல விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாளில் அமெரிக்கர் வயிறார உண்டிருப்பார்கள். அந்த உணவு யார் கையால் பறிக்கப்பட்டது என்பதை மறுநாள் மரோ காட்டினார்.

புளோரிடாவிலிருந்து வடக்கே பயிர் விளையும் இடமெல்லாம் லொறிகளில் ஏறிச் செல்லும் இடம்பெயர் விவசாயத் தொழிலாளரின் கதை அது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் அதில் இருக்கிறார்கள். அதிகாலை தொடக்கம் மாலை வரை போஞ்சி பறித்து ஒரு டொலர் உழைத்ததாக ஒரு தாய் சொல்கிறார். முன்பு அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தோம், இப்போது வாடகைக்கு எடுக்கிறோம் என்று ஒரு பண்ணையாளர் சொன்னதையும் மரோ எடுத்துக் கூறுகிறார். நாட்டையே உலுக்கிய படம் இது.

இதன் பின்னணியில் ஒரு சட்ட விவகாரம் உண்டு. அமெரிக்காவில் தொழிற்சங்க உரிமையை உறுதிசெய்த சட்டம் 1935இல் வந்தது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1938இல் வந்தது. இவ்விரு சட்டங்களின் பாதுகாப்பும் விவசாயத் தொழிலாளருக்கும் வீட்டுப் பணியாளருக்கும் எட்டவில்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவரில் மிகப் பலர் செய்துவந்த தொழில்கள் இவ்விரண்டுமே. சட்டத்தைப் படித்துப் பார்த்தால் அதில் நிறம் என்ற சொல்லைக் காண முடியாது. ஆனால் அதன் பலன் நிறம் பார்த்தே போய்ச் சேர்ந்தது. வறுமையில் வாடிய வெள்ளைத் தொழிலாளியும் அதே விலக்கில் அகப்பட்டுக்கொண்டார். இன அநீதி ஒரு கணக்கு, கூலி அநீதி வேறு கணக்கு என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை என்பது இங்கே தெரிகிறது.

சரி, 'வெட்கக்கேட்டின் அறுவடை' யார் கூற்று? தொழிலாளர் பேசுகிறார்கள், உண்மை. ஆனால் அவர்கள் சாட்சிகள் மட்டுமே. வழக்கை எடுத்துரைப்பவர் மரோ. முடிவில், இந்த மக்களுக்குச் சட்டமியற்றச் செல்வாக்கு இல்லை, உங்களுக்கு இருக்கலாம் என்று பார்வையாளரிடம் வேண்டுகோள் விடுப்பவரும் அவரே. அவருடைய குரல் மிக நேர்மையான குரல். ஆனாலும் மற்றவருக்காகப் பேசுபவருக்கு ஒரு சங்கடம் உண்டு. 1961இல் மரோ கென்னடி அரசாங்கத்தின் தகவல் நிறுவனத்துக்குத் தலைவரானார். அமெரிக்காவின் நற்பெயரை வெளிநாடுகளில் காப்பது அவரது புதிய கடமை. பீ.பீ.சி. இந்தப் படத்தை ஒளிபரப்பப் போகிறது என்று அறிந்ததும், வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். பீ.பீ.சி. கேட்கவில்லை, ஒளிபரப்பியது. மரோவைப் போன்ற ஒருவருக்கே இது நேர்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பேச்சாளர் பதவி மாறலாம், நாற்காலி மாறலாம். போஞ்சி பறித்த தாய்க்கோ மாறிக்கொள்ள வேறு இடம் இருக்கவில்லை.

அடுத்ததாக 'ஹார்லன் கவுன்டி, யூ.எஸ்.ஏ.' 1976இல் வெளிவந்த இப்படத்தின் நெறியாளர் பார்பரா கொப்பிள் என்ற இளம் பெண். சிறந்த விவரணப் படத்துக்கான ஒஸ்கார் விருதை இது பெற்றது. கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் பகுதியில் புரூக்சைட் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் 1973இல் தொழிற்சங்கத்தில் சேர்வதென வாக்களித்தார்கள். கம்பனி ஒப்பந்தம் செய்ய மறுத்தது. வேலைநிறுத்தம் 13 மாதங்கள் நீடித்தது.

இந்தப் படத்தில் விளக்கவுரை சொல்லும் குரலே இல்லை. கொப்பிளும் அவரது சிறு குழுவும் அந்த மக்களோடு தங்கியிருந்து படம் பிடித்தார்கள். மறியலில் நிற்போரின் எண்ணிக்கையை நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது பெண்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கூட்டம் கூடுகிறார்கள், தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள், பிறகு ஒன்றுபட்டுப் போய்க் கருங்காலிகளின் வாகனங்களை மறிக்கிறார்கள். ஓர் அதிகாலையில் துப்பாக்கி வெடிக்கிறது. படக் குழுவினரும் தாக்கப்படுகிறார்கள். கமரா தள்ளாடுவதை நாம் காண்கிறோம். படம் பிடிப்பவருக்கும் படம் பிடிக்கப்படுபவருக்கும் இடையே இருந்த பாதுகாப்பான தூரம் அந்த இடத்தில் இல்லாமற் போகிறது. 1974 ஆகஸ்டில் ஓர் இளம் தொழிலாளி சுட்டுக் கொல்லப்படுகிறார். அதன் பிறகே கம்பனி ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறது.

என் மனதில் நிற்கும் காட்சி இந்த மோதல்களில் எதுவுமல்ல. தொழிலாளர் சிலர் நியூயோர்க் நகரப் பங்குச் சந்தைக்கு முன்னால் மறியல் செய்யப் போகிறார்கள். அங்கே காவலுக்கு நிற்கும் பொலிஸ்காரர் ஒருவர் ஒரு சுரங்கத் தொழிலாளியோடு பேச்சுக் கொடுக்கிறார். எவ்வளவு சம்பளம், மருத்துவ வசதி உண்டா, ஓய்வூதியம் உண்டா என்று இருவரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தனக்குள்ள வசதிகளைப் பொலிஸ்காரர் சொல்லச் சொல்ல, பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைப்பவருக்கு அவற்றில் எவ்வளவு குறைவு என்பது நமக்கு விளங்குகிறது. எந்தப் பொருளியல் பேராசிரியரும் இதை இவ்வளவு சுருக்கமாக விளக்க முடியாது. நெறியாளர் இடையில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் காட்சி கெட்டிருக்கும்.

ஹார்லன் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். எனவே இங்கே நிறப் பிரச்சினை எங்கே என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளைத் தோல் மட்டும் ஒருவரைச் சுரண்டலில் இருந்து காப்பாற்றாது என்பதை இப்படம் காட்டுகிறது. அப்படியானால் நிறம் எதைச் செய்கிறது? அதற்கு விடை தருவது ஹென்றி ஹம்ப்டனின் 'ஐஸ் ஒன் த பிறைஸ்' என்ற நீண்ட தொடர்.

ஹம்ப்டன் கறுப்பினத்தவர். இளமையில் போலியோ நோயால் கால் பாதிக்கப்பட்டவர். 1965இல் அலபாமாவின் செல்மா நகரில் வாக்குரிமைக்காக நடந்த ஊர்வலத்தில் கலந்துகொண்டவர். 1968இல் பொஸ்டன் நகரில் 'பிளாக்சைட்' என்ற படக் கம்பனியைத் தொடங்கினார். தொடரின் முதல் 6 பகுதிகள் 1987இலும், அடுத்த 8 பகுதிகள் 1990இலும் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. 1954 தொடக்கம் 1980களின் நடுப்பகுதி வரையிலான சிவில் உரிமை இயக்கத்தின் வரலாறு அது. சம்பவங்களில் நேரே பங்குபற்றியவர்களை மட்டுமே பேட்டி காண்பது என்று ஹம்ப்டன் ஒரு விதி வைத்திருந்தார். அங்கே இருந்திராத அறிஞர்கள் வந்து விளக்கம் சொல்ல இடமில்லை. ஜூலியன் பொண்ட் என்பவரின் குரல் காட்சிகளை இணைக்கிறது. அவரும் அந்த இயக்கத்தில் உழைத்தவரே.

இன்னொரு சிறப்பையும் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பினரையும் பேச விட்டிருக்கிறார்கள். ஜோர்ஜியா மாநிலத்தின் ஓல்பனி நகரில் 1961-62இல் போராட்டம் நடந்தபோது பொலிஸ் தலைவராக இருந்த லோரி பிறிச்செற் பேட்டியில் நிதானமாகப் பேசுகிறார். மார்ட்டின் லூதர் கிங் காந்தியின் வழியைப் பின்பற்றுகிறார் என்று அறிந்து, அந்த வழியைத் தாமும் படித்தாராம். சிறைகளை நிரப்புவதே போராட்டக்காரரின் உத்தி. ஆகவே சுற்று வட்டாரச் சிறைகளிலெல்லாம் முன்கூட்டியே இடம் பேசி வைத்தார். கமராவுக்கு முன்னால் அடிக்க வேண்டாம் என்று பொலிஸாருக்குப் பயிற்சி கொடுத்தார். அடி விழவில்லை, ஆனால் பிரிவினை அப்படியே இருந்தது. இதைக் கேட்கும்போது அநீதியைப் பற்றிய நமது எண்ணம் சற்று மாறுகிறது. குண்டாந்தடி மட்டுமே அநீதியின் உருவம் என்று எண்ணியிருந்தோம். திட்டமிட்ட நிர்வாகத்திறனும் அதன் உருவமாகலாம். அதை அவரது வாயாலேயே கேட்பதில்தான் இத்தொடரின் பலம் இருக்கிறது. வில்லன் பாத்திரமாக மட்டும் அவரைத் தீட்டியிருந்தால் நாம் திட்டிவிட்டு எழுந்து போயிருப்போம்.

இத்தனை பெருமை பெற்ற தொடருக்கு என்ன நேர்ந்தது தெரியுமா? பழைய செய்திச் சுருள்கள், நிழற்படங்கள், பாடல்கள் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையை ஹம்ப்டன் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கே விலைக்கு வாங்க முடிந்தது. 1990களில் அந்தக் காலம் முடிந்தது. புதுப்பிக்கப் பெருந்தொகை தேவைப்பட்டது. 1998இல் ஹம்ப்டனும் காலமானார். பல ஆண்டுகள் அத்தொடரை ஒளிபரப்பவோ விற்கவோ முடியவில்லை. நூலகங்களில் இருந்த தேய்ந்த வீடியோ நாடாக்களே மிச்சம். அறக்கட்டளைகள் பணம் கொடுத்த பின்னர் 2006இலேயே அது மீண்டும் ஒளிபரப்பானது. தடியடிபட்ட மக்களின் படத்தை அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் பார்ப்பதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கூற்று யாருடையதாக இருந்தாலும் அதன் நாடா யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

1993இல் வெளிவந்த 'அற் த ரிவர் ஐ ஸ்ராண்ட்' சுமார் ஒரு மணித்தியாலம் ஓடும் படம். டேவிட் அப்பிள்பி, அலிசன் கிரஹாம், ஸ்ரீவன் ரொஸ் ஆகிய மூவர் சேர்ந்து எடுத்தது. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் 1968இல் நடந்த நகரசுத்தித் தொழிலாளர் வேலைநிறுத்தம் இதன் பொருள். கிங் கொல்லப்பட்ட நகரம் என்றே மெம்பிஸை நாம் அறிவோம். அவர் அங்கு ஏன் போனார் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த நகரின் குப்பை அள்ளுவோர் ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். முழுநாளும் உழைத்தும் பலருடைய குடும்பங்கள் அரசாங்க உதவியை நாடும் அளவுக்குச் சம்பளம் குறைவு. மழை பெய்தால் கறுப்புத் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பிச் சம்பளத்தை வெட்டுவார்கள். வெள்ளை மேற்பார்வையாளருக்கு முழுச் சம்பளம் கிடைக்கும். 1968 பெப்ரவரி 1ஆம் திகதி மழைக்கு ஒதுங்கிக் குப்பை லொறியின் உள்ளே நின்ற இரு தொழிலாளரை அதன் நசுக்கும் இயந்திரம் உள்ளிழுத்துக் கொன்றுவிட்டது. பெப்ரவரி 12ஆம் திகதி சுமார் 1,300 தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. மேயர் சங்கத்தை அங்கீகரிக்க மறுத்தார்.

அந்தத் தொழிலாளர் கழுத்தில் தொங்கவிட்ட அட்டையில் நான்கே சொற்கள். 'ஐ ஆம் அ மான்.' தமிழில் 'நான் ஒரு மனிதன்' என்று மொழிபெயர்க்கிறோம். சரிதான், ஆனால் ஒரு பொருள் விடுபட்டுப் போகிறது. தென் மாநிலங்களில் நரைத்த தலையுள்ள கறுப்பினத்தவரையும் வெள்ளையர் 'போய்', அதாவது பையன் என்றே கூப்பிட்டார்கள். நாம் பையனல்ல, வளர்ந்த ஆள், மதிப்புக்குரிய ஆள் என்பதும் அந்த அட்டையில் எழுதியிருக்கிறது. நமது பேச்சு மொழியில் 'நானும் ஒரு மனுசன்' என்று சொல்லும்போது வரும் அந்தத் தொனி. வயதுக்கு மூத்தவரைப் பெயர் சொல்லியும் 'அடே' என்றும் அழைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

படத்தில் அந்தத் தொழிலாளரில் சிலர் முதிர்ந்த வயதில் பேசுகிறார்கள். அவர்கள் பேச்சில் சம்பளமும் மரியாதையும் தனித்தனியாக வருவதில்லை. ஒரே மூச்சில் வருகின்றன. மணிக்கு இத்தனை சதம் கூட வேண்டும் என்பதும், எங்களை ஆளாக மதிக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு ஒரே கோரிக்கை. ஆய்வாளர்கள் இனம், வர்க்கம் என்று இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து எழுதுவதை அவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் கூற்றுக்கு இருக்கும் பெறுமதி இதுவே. அவர்கள் தமது துயரத்தை மட்டும் சொல்லவில்லை. நிலைமையைச் சிந்தித்தும் சொல்கிறார்கள்.

ஏப்ரல் 4ஆம் திகதி கிங் சுடப்பட்டார். ஏப்ரல் 16ஆம் திகதி வேலைநிறுத்தம் முடிவுக்கு வந்தது. சங்கம் அங்கீகரிக்கப்பட்டது, சம்பளமும் உயர்ந்தது. மூன்று உயிர்கள் மட்டுமா போயின? மார்ச் 28ஆம் திகதி ஊர்வலம் கலவரமானபோது 16 வயதுச் சிறுவன் ஒருவனும் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானான். சில சத உயர்வுக்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

1994இல் வந்த 'ஹூப் ட்றீம்ஸ்' படத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெறியாளர் ஸ்ரீவ் ஜேம்ஸ். கூடைப்பந்து வளையத்தைக் கனவு காணும் இரு கறுப்பினச் சிறுவர்கள், வில்லியம் கேற்ஸ், ஆர்தர் ஏஜி. சிக்காகோவின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த அவர்களை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து படம் பிடித்தார்கள். 250 மணித்தியாலப் பதிவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைந்த படம் உருவானது. விளையாட்டுத் திறமைக்காக இருவரையும் ஒரு தனியார் பாடசாலை சேர்த்துக்கொண்டது. எதிர்பார்த்த அளவுக்கு ஆர்தர் பிரகாசிக்காத நிலையில், கட்டணப் பாக்கிக்காக அவனைப் படிப்பின் நடுவிலேயே வெளியேற்றியது.

ஓரிடத்தில் ஆர்தரின் தாய் கமராவின் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்கிறார். மாதம் 268 டொலரில் இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வீட்டையும் எப்படி நடத்துகிறேன் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா என்பது அவர் கேள்வி. இதுவரை நாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அவர் நம்மைப் பார்க்கிறார். பதில் சொல்ல வேண்டிய இடம் நமது இடமாகிவிடுகிறது. அந்த வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது படக் குழுவினர் பணம் கொடுத்து இணைப்பைத் திரும்பப் பெற உதவினார்கள். விவரணப் படக்காரர் தலையிடக் கூடாது என்று ஒரு கொள்கை உண்டு. இருட்டில் இருக்கும் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டு கொள்கை பேசுவது அவர்களால் முடியவில்லை. படத்தில் கிடைத்த வருமானத்திலும் அந்தக் குடும்பங்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். கூற்றைக் கடன் வாங்கியவர்கள் கடனைத் திருப்பிக் கொடுப்பது இப்படித்தான்.

அப்படியானால் விளக்கவுரையே வேண்டாமா, அறிஞர் கூற்றே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. 2016இல் ஏவா டுவேர்னே என்ற கறுப்பினப் பெண் நெறியாளர் எடுத்த 'தேர்ட்டீன்த்' படத்தில் ஆய்வாளர்களும் அரசியல்வாதிகளும் செயற்பாட்டாளர்களுமே பெரிதும் பேசுகிறார்கள். 1865இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், குற்றத்துக்கான தண்டனையாக அன்றி என்று ஒரு விலக்கை வைத்தது. அந்தச் சிறு வாசகம் வழியாகக் கைதிகளை வேலை வாங்குவது எப்படித் தொடர்ந்தது என்றும், 1970களின் தொடக்கத்தில் சில இலட்சமாக இருந்த சிறைவாசிகள் தொகை பின்னர் எப்படி 20 இலட்சத்தையும் கடந்தது என்றும் படம் வாதிடுகிறது. சிறைக்குள் இருக்கும் தனியொருவருக்குத் தமது அறையின் நான்கு சுவர்தான் தெரியும். நூற்றைம்பது ஆண்டுக் கணக்கைக் கூட்டிச் சொல்ல இன்னொருவர் வேண்டும். ஆகவே இரு வகைக் கூற்றும் தேவை. ஆனால் அறிஞர் கூற்று பாதிக்கப்பட்டவர் கூற்றுக்கு உரையாக அமைய வேண்டும். மூலத்தை விழுங்கும் உரை நல்ல உரையல்ல என்பது நமது உரைமரபு அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது கமரா ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. 2020 மே 25ஆம் திகதி மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் பிளொயிட் என்பவர் பொலிஸ்காரரின் முழங்காலின் கீழ் உயிர்விட்டதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தவர், வழியில் நின்ற 17 வயது மாணவி. 2021இல் புலிற்சர் குழு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. 1934இல் கொழுந்து பறித்தவர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு இன்று எவருக்கும் கிடைக்கிறது. ஆயினும் பத்து நிமிடப் பதிவு சாட்சியம் மட்டுமே. அந்தத் தெருவுக்கு வறுமை எப்படி வந்தது, பொலிஸ்காரருக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்பதைக் கோத்துச் சொல்ல இன்னமும் ஹம்ப்டனைப் போலவும் கொப்பிளைப் போலவும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்கள் தேவை.

நேயர்களே, இந்தப் படங்கள் உலகத்தைத் திருத்திவிட்டன என்று நான் கூற மாட்டேன். அமெரிக்க விவசாயத் தொழிலாளரின் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் எட்டியது 1966இல். மரோவின் படம் வந்து ஆறு ஆண்டுகள் கழித்து. அதற்குப் பின்னாலும் போராட்டம் ஓயவில்லை. படம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. இரக்கத்துக்கு உரியவர் என்று நாம் எண்ணியவரை உரிமைக்கு உரியவர் என்று எண்ண வைப்பது. பிறர் சொல்லக் கேட்டால் இரக்கம் வரும். அவரே சொல்லக் கேட்டால், அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பது தெரியும்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வறியவர்களைப் பற்றி, ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். எழுதி முடித்தபின் ஒருமுறை நிறுத்தி, இதில் அவர்கள் பேசுகிறார்களா, நாம்தான் பேசிக்கொண்டிருக்கிறோமா என்று பார்ப்பது நல்லது. நாளை ஒரு விவரணப் படம் உங்கள் வீட்டுத் திரையில் ஓடினால் அதைக் கடலை வாங்கும் நேரம் என்று கருதாமல் சற்று இருந்து பாருங்கள். யார் கூற்று என்று கேட்டுப் பாருங்கள்.